டேன்டலைஸ் என்றால் ஆசை காட்டுவதா, ஏமாற்றுவதா?

புளிக்குழம்பு:
மாமா தன் ஓட்டல் மெனு கார்டைத் தமிழில் போட்டுத் தரச் சொன்னார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, கடைசிப் பக்கத்தில் ‘டேன்டலைசிங் டெசர்ட்ஸ்’ என்று ஒரு தலைப்பு. அகராதியைப் புரட்டினால் ‘ஆசை காட்டி ஏமாற்று’ என்கிற மாதிரி போட்டிருக்கிறது. ‘ஏமாற்றும் இனிப்புகள்’ என்று அச்சடித்தால் ஒரு குலோப்ஜாமூன்கூட விற்காது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, என்னதான் அர்த்தம்?

பழங்கணக்கு:
அகராதி சொல்வது தப்பில்லை. கிரேக்கப் புராணத்தில் டான்டலஸ் என்று ஒரு ராஜா, தேவர்களுக்கெல்லாம் தலைவனான சீயஸின் மகன், தேவர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அளவுக்குச் செல்வாக்கு. அந்த ஆள் பெற்ற பிள்ளை பீலாப்ஸையே வெட்டிச் சமைத்து அவர்களுக்குப் பரிமாறினான் என்று ஒரு கதை. (பிள்ளைக்கறி என்றதும் நமக்குச் சிறுத்தொண்டர் ஞாபகம் வரும், ஆனால் அங்கே அடியாராக வந்த சிவனே கேட்டார், இங்கே யாரும் கேட்கவில்லை, தேவர்களுக்குத் தெரிகிறதா பார்ப்போம் என்ற திமிர்.) அமுதைத் திருடினான் என்றும் சொல்வார்கள். நமக்கு வேண்டியது தண்டனை. கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியத்தில் 11ஆம் காண்டத்தில் வருகிறது: தாடை வரை தண்ணீரில் நிற்கிறான், குடிக்கக் குனிந்தால் தண்ணீர் வற்றிக் காலடியில் கருமண் தெரிகிறது. தலைக்கு மேலே மாதுளையும் அத்தியும் தொங்குகின்றன, கையை நீட்டினால் காற்று வந்து கிளையை மேகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறது. அவன் பெயரைத்தான் 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் வினைச்சொல்லாக்கினார்கள்.

சோதனைக்குழாய்:
இதே ஆள் தனிம அட்டவணையிலும் இருக்கிறார். 1802இல் ஸ்வீடனில் எக்கபர்க் என்ற வேதியியலாளர் ஒரு உலோகத்தைக் கண்டுபிடித்தார். அதன் ஆக்சைடை அமிலத்துக்குள் முக்கி வைத்தாலும் துளி அமிலத்தைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீருக்குள் நின்றும் குடிக்க முடியாதவன் மாதிரி. அதனால் டான்டலம் என்று பெயர் வைத்தார், அணு எண் 73. அதற்கு நேர் மேலே 41இல் நியோபியம், டான்டலஸின் மகள் நியோபியின் பெயர். அப்பா தலைமேல் மகள். பாடம் எடுக்கும்போது இதைச் சொன்னால் பையன்கள் மறக்கவே மாட்டார்கள்.

திண்ணைப்பேச்சு:
விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் ‘டான்டலஸ்’ என்றே ஒரு மரச்சட்டம் விற்றார்கள். பிராந்தி, விஸ்கி ஊற்றிய கண்ணாடிக் குடுவைகள் பளிச்சென்று தெரியும், ஆனால் கழுத்துக்கு மேலே ஒரு கம்பி போட்டுப் பூட்டு, வேலைக்காரர்கள் ஒரு மடக்கு குடித்துவிடக் கூடாதாம். எங்கள் பாட்டியும் அதிரசத்தைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொள்வாள். பாட்டி செய்ததுதான் அசல் டேன்டலைஸ்.

தமிழில் ‘போக்குக் காட்டுவது’ கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, பிடிபடுகிற மாதிரி வந்து நழுவுவது. ஆனால் அதில் நாக்கில் எச்சில் ஊறுவது இல்லை. ‘கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை’ என்பதில் வேண்டுமென்றே ஒருவர் ஆட்டிவைப்பது இல்லை. அதனால் ஒரே சொல்லைத் தேடாதீர்கள், கதையில் வந்தால் ‘ஆசை காட்டி அலைக்கழித்தாள்’ என்று எழுதலாம்.

பழங்கணக்கு:
மெனுவுக்கு அதுகூட வேண்டாம். இன்றைக்கு விளம்பரத்தில் அந்தச் சொல்லில் ஏமாற்றம் தேய்ந்துபோய் ஆசை மட்டும்தான் மிச்சம். ‘நாவூறும் இனிப்புகள்’ என்று போடுங்கள்.

புளிக்குழம்பு:
போட்டாச்சு. மாமாவிடம் பிள்ளைக்கறிக் கதையையும் சொன்னேன், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சா இது என்று திட்டினார்.