புல்லு மாதிரியே இருக்குற குட்டிப் பெரணி (ஃபெர்ன்), சுருள்புல் பெரணியை நேர்ல பார்த்தவங்க இருக்கீங்களா?

கொடிமலை அடிவாரம்:
போன ஆகஸ்ட்ல மகள் வீட்டுக்கு நியூ ஜெர்சி போயிருந்தேன். அங்க பைன் பேரன்ஸ்னு மணல் நிலத்துப் பைன் காடு, அதுக்குள்ள சதுப்பு. இந்தப் பெரணியைத் தேடித்தான் போனோம். ரெண்டரை மணி நேரம் குனிஞ்சே தேடினோம். வெள்ளை சீடர் மரத்தடி, தேத்தண்ணி நிறத்துல தண்ணி, மெத்தை மாதிரி ஸ்பாக்னம் பாசி. இடுப்பு கழண்டு போச்சு. ஒரு மேட்டுல கையை ஊனி உட்கார்ந்துட்டேன்.

"மாமா, கையை அசைக்காதீங்க!" மருமகன் கத்திட்டாரு.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல நிக்குது. நாலு விரக்கடை உயரம் இருந்தா அதிகம். அடியில சுருண்டு கிடக்குற இலை, தனியா நிமிர்ந்த ஒரு காம்பு, அதோட தலையில சீப்புப் பல்லு மாதிரி வித்துக் கொத்து. அந்தச் சீப்பு இல்லேன்னா சத்தியமா புல்லுன்னுதான் சொல்லுவேன். பார்த்த சந்தோஷத்தை விட, உள்ளங்கைக்கு அடியில எத்தனை நசுங்குச்சோங்கிறதுதான் இன்னும் உறுத்துது.

பத்துமலை பொண்ணு:
அண்ணே, அதோட சொந்தக்காரன் நம்ம மலேசியாவுலயே இருக்கு, ஸ்கிசேயா டிஜிட்டாட்டா. சின்ன வயசுல அம்மா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டப் போவாங்க, நான் வாளியோட பின்னால. காட்டை ஒட்டின கடைசி நிரையில ஒரு புல்லைப் பிடுங்கினேன், நுனியில விரல் விரிச்ச மாதிரி இருந்துச்சு. "புல்லுக்குக் கை முளைச்சிருக்கு பாருடி"ன்னாங்க அம்மா. பேரு தெரிஞ்சதே போன வருஷம்தான். தோட்டம் இப்ப தாமான் ஆயிடுச்சு, வரிசையா வீடுங்க.

கிள்ளான் தம்பி:
இதுக்கு அமெரிக்கா வரைக்கும் போகணுமா? நம்ம சிலாங்கூர்ல ராஜா மூசா சதுப்புக் காட்டுலயும் அதே கறுப்புத் தண்ணி, அதே புளிப்பு. நான் போனேன். கொசுக்கடிதான் மிச்சம், ஆனா தேடினா கிடைக்கும்லா.

ஓய்வு வாத்தியார்:
கிடைக்காது தம்பி. ராஜா மூசாவுல இருக்கிறது மரமும் வேரும் மக்காமக் குவிஞ்ச கரி மண்ணு. அங்க ஸ்பாக்னம் மெத்தை கிடையாது. ஸ்பாக்னம் தண்ணியில உள்ள கால்சியம் மாதிரி சத்தைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு அமிலத்தை வெளிய விடும், அப்படித்தான் தன் இடத்தைத் தானே புளிக்க வைக்குது. ரெண்டு தண்ணியும் கறுப்பா இருந்தா ரெண்டும் ஒண்ணாயிடுமா? சுருள்புல் பெரணி முக்கியமா நியூ ஜெர்சியிலயும் அதுக்கு வடக்கே குளிர் பிரதேசத்துலயும்தான். கனடாவுல நோவா ஸ்கோஷியாவுல 1879ல அதைக் கண்டு எடுத்தவங்க எலிசபெத் நைட், பின்னால பிரிட்டன்னு பேரு மாறின அம்மா.

நான் பார்த்ததில்ல. கேமரன் மலையில பிரிஞ்சாங் உச்சிக்கு ஒரு தடவை போய் ஸ்பாக்னத்தையும் ரெண்டு குடுவைச் செடியையும் பார்த்துட்டு மழையில இறங்கினேன், அவ்வளவுதான்.

ஆனா இனிமே போறவங்க கேளுங்க. மேலேர்ந்து பார்க்காதீங்க, கன்னத்தைத் தரையோட வெச்சுப் பக்கவாட்டுல பாருங்க, சீப்பு அப்பதான் தெரியும். வித்து நிக்கிற கோடைக் கடைசியில போங்க, மத்த மாசத்துல வெறும் சுருளை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாது. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு கழுத்துல மாட்டிக்குங்க. பிடுங்காதீங்க. படம் போட்டா இடத்தைச் சொல்லாதீங்க. முக்கியமா, மேட்டுல உட்காராதீங்க. வித்து முளைச்சு முதல்ல வர்றது இலை இல்ல, பச்சை நூலு. பாசிக்குள்ள பாசியாவே கிடக்கும், கண்ணுக்குத் தனியா தெரியாது.

கிள்ளான் தம்பி:
வாத்தியாரே, பார்க்காமலே இவ்வளவா?

கொடிமலை அடிவாரம்:
சார், அந்த நூலு விஷயத்தை நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம். கை மட்டும்தான்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அந்த மேட்டுல அரை மணி நேரம் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன்.