கிராபிக்ஸ் கார்டும் எச்.டி.சி.பி.யும்: வாங்குவதற்கு முன் எதைப் பார்ப்பது?

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
வணக்கம். வீட்டுக் கணினியை 4கே டி.வி.யோடு இணைத்து, சந்தா கட்டிய தளங்களில் தமிழ், மலையாளப் படங்களைக் குடும்பத்தோடு பார்த்து வருகிறோம். யூடியூபில் 4கே காட்சிகள் தெளிவாக ஓடுகின்றன. ஆனால் சந்தாத் தளம் ஒன்றில் மட்டும் 4கே தரம் வருவதே இல்லை. கணினியில் உள்ளது என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 970 கிராபிக்ஸ் கார்டு. அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் ஆம்பிளிஃபயர் வழியாக டி.வி.க்குச் செல்கிறது, மகள் படிப்பதற்காக ஒரு பழைய வி.ஜி.ஏ. மானிட்டரும் இணைந்திருக்கிறது. பாலக்காட்டில் கேட்டால் எந்தப் புதிய கார்டும் போதும் என்கிறார்கள். கோயம்புத்தூரில் விலை உயர்ந்த கார்டுதான் வேண்டும் என்கிறார்கள். 4கே பட வட்டுகளை ஓட்டும் அல்ட்ரா எச்.டி. புளூ-ரே டிரைவ் ஒன்றும் வாங்கும் எண்ணம் உண்டு. எதை நம்பிப் பணம் செலவழிப்பது?

செங்கோட்டை நண்பர்:
ஐயா, யூடியூபின் சாதாரணக் காட்சிகளுக்கு எச்.டி.சி.பி. என்ற நகல் தடுப்புப் பூட்டு இல்லை என்பதால்தான் அவை தடையின்றி ஓடுகின்றன. இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்பது, படம் கார்டிலிருந்து திரைக்குச் செல்லும் வழியில் யாரும் நகலெடுத்துவிடாதபடி அதை மறையாக்கம் செய்து அனுப்பும் முறை. கார்டும் திரையும் முதலில் தத்தம் சாவிகளைக் கொண்டு ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்ளும். பழைய 1 வரிசைப் பதிப்புகளின் தலைமைச் சாவி 2010-இல் வெளியே கசிந்துவிட்டது. எனவே 4கே படங்களுக்குப் புதிய 2.2 பதிப்பைக் கேட்கிறார்கள். அவ்வாறு பூட்டப்பட்ட படத்தைப் பழைய பதிப்புக் கருவிக்கு அனுப்பவும் அனுமதி கிடையாது.

தங்கள் 970 கார்டில் 4கே படத்தை நொடிக்கு 60 பிரேம் வரை அனுப்பும் எச்.டி.எம்.ஐ. 2.0 உண்டு, ஆனால் எச்.டி.சி.பி. 2.2 இல்லை. அதைவிட விலை குறைந்த 960 கார்டு 2015 ஜனவரியில் வந்தபோது அதில் 2.2 இருந்தது. ஆகவே விலையை வைத்து இதைத் தீர்மானிக்க இயலாது.

நகரி வாசகர்:
மேலே நண்பர் சொன்னது சரி. ஆனால் கார்டை மட்டும் மாற்றிவிட்டால் படம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். கார்டு, ஆம்பிளிஃபயர், டி.வி. ஆகிய மூன்றும் 2.2-ஐ ஏற்க வேண்டும். நடுவில் ஒன்று பழையதாக இருந்தாலும் தரம் குறைந்துவிடும் அல்லது திரை கறுத்துவிடும். தொடக்க கால 4கே டி.வி.க்கள் சிலவற்றில் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. போர்ட்டுக்கு மட்டுமே 2.2 இருந்தது, கையேட்டைப் பார்த்து அந்தப் போர்ட்டில் கேபிளைச் செருகுங்கள். வி.ஜி.ஏ. அனலாக் இணைப்பு என்பதால் அதில் எச்.டி.சி.பி. இயங்கவே இயங்காது. இணைந்துள்ள எல்லாத் திரைகளும் தகுதி பெற வேண்டும் என்று சில தளங்கள் எதிர்பார்ப்பதால், படம் பார்க்கும்போது மகளின் மானிட்டரைக் கழற்றிவைத்துப் பாருங்கள்.

மென்பொருளும் கவனிக்கத்தக்கது. நெட்ஃப்ளிக்ஸை எடுத்துக்கொண்டால், விண்டோஸில் 4கே பார்க்க எட்ஜ் உலாவியோ நெட்ஃப்ளிக்ஸின் சொந்தச் செயலியோ வேண்டும், சுருக்கி அனுப்பப்படும் காட்சியை விரித்துக் காட்டும் எச்.இ.வி.சி. நீட்சியும் நிறுவியிருக்க வேண்டும். என்விடியா கார்டுகளில் ஜி.டி.எக்ஸ். 10 வரிசை முதல்தான் இதற்குரிய வன்பொருள் பாதுகாப்பு வந்தது. அந்த வரிசையிலும் 3 ஜி.பி. நினைவகம் வேண்டும் என்று அறிவித்தார்கள்.

கொழிஞ்சாம்பாறை வாசகர்:
மிக்க நன்றி. ஆம்பிளிஃபயர் டி.வி.யைவிடப் பழையது, ஐயம் அதன் மீதுதான் விழுகிறது. புளூ-ரே டிரைவ் பற்றியும் சொல்லுங்கள்.

செங்கோட்டை நண்பர்:
அந்த டிரைவை இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கணினியில் அல்ட்ரா எச்.டி. புளூ-ரே முறைப்படி ஓடுவதற்கு இன்டெல் பிராசஸரின் எஸ்.ஜி.எக்ஸ். என்ற, ரகசியத் தரவைத் தனியே காக்கும் வசதி தேவை, படமும் பிராசஸரோடு சேர்ந்த கிராபிக்ஸ் வழியாகவே வெளிவர வேண்டும். 11-ஆம் தலைமுறை முதல் டெஸ்க்டாப் பிராசஸர்களில் அந்த வசதியே நீக்கப்பட்டுவிட்டது. தனி கிராபிக்ஸ் கார்டு எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இதற்கு உதவாது. காசு கொடுத்து வட்டு வாங்குபவரையே இந்தப் பூட்டு தடுப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. வட்டில்தான் பார்க்க வேண்டுமென்றால் தனி பிளேயர் வாங்குங்கள்.

கார்டுக்கு வந்தால், ஆம்பிளிஃபயரைத் தவிர்த்து டி.வி.யோடு நேரடியாக இணைத்து, ஒலிக்குத் தனி கேபிள் போட்டுக்கொள்ளுங்கள். என்விடியா கண்ட்ரோல் பேனலில் எச்.டி.சி.பி. நிலையைக் காட்டும் பக்கம் உண்டு; புதிய கார்டைக் கடையில் சோதித்துத் தருவார்களானால், அந்தப் பக்கத்தை அங்கேயே திறந்து பாருங்கள். ஆனால் அது கடையின் திரைக்குரிய நிலை மட்டுமே என்பதால், டி.வி. சேராவிட்டால் கார்டைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்பதைப் பில் போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.