வீட்டு ஓவிய அறைக்கு விளக்கு: இரவில் கலந்த நிறம் பகலில் மாறித் தெரிகிறது

வைகைத்தூரிகை (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் எங்கள் வீட்டு மாடியில் 10-க்கு 12 அடி அறை ஒன்றை எண்ணெய் வண்ண ஓவியத்துக்கென ஒதுக்கியிருக்கிறேன். வடக்குச் சுவரில் நான்கடி ஜன்னல் இருக்கிறது. சுவர்களுக்கு வெளிர் பச்சை டிஸ்டெம்பர் அடித்திருக்கிறோம். பின்சுவரில், மின்விசிறி இறக்கைக்கும் மேலான உயரத்தில், 20 வாட் எல்.இ.டி. டியூப்லைட் ஒன்று எரிகிறது. வேலை முடிந்து வந்து இரவு ஏழு மணிக்கு மேல்தான் வரைய முடிகிறது. அந்த விளக்கில் பொருத்தமாக அமைந்துவிட்டதாகத் தோன்றும் சிவப்பும் தோல் நிறமும் மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் அளவுக்கு மீறிச் சிவந்து தெரிகின்றன. இன்னும் கூடுதல் வாட் உள்ள விளக்கை வாங்கினால் போதுமா? விடுமுறை நாள்களில் பகலில் வரைவதற்கு வடக்கு ஜன்னலே சிறந்தது என்று ஓவிய நூல்கள் கூறுகின்றன. ஆனால் மே மாதக் காலை வேளையில் அதே ஜன்னல் வழியாக நேர் வெயில் ஓவியத் தாங்கியின் மீது விழுகிறதே, அதற்கு என்ன செய்வது?

மின்னொளி (மறுமொழி):

வணக்கம். விளக்கு அமைக்கும் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வாட்டைக் கூட்டுவதால் இந்தக் குறை தீராது. நமக்குக் கிடைக்கும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகளில் பெரும்பாலானவை நீல ஒளி தரும் சில்லின் மீது மஞ்சள் பாஸ்பர் (ஒளிரும் பொடி) பூசிச் செய்யப்படுபவை என்பதால், அவற்றின் ஒளியில் அடர் சிவப்புப் பகுதி மிகவும் குறைவாகவே இருக்கிறது. விளக்கில் இல்லாத சிவப்பை வண்ணம் திருப்பி அனுப்ப முடியாது. எனவே குங்குமச் சிவப்பு அந்த ஒளியில் மங்கித் தெரிய, வரைபவரின் கை தானாகவே இன்னும் சிறிது சிவப்பைச் சேர்க்கிறது, பகல் வெளிச்சம் அந்தக் கூடுதலை அப்படியே காட்டிவிடுகிறது.

ஆகவே விளக்கு வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சி.ஆர்.ஐ. எனப்படும் நிறங்காட்டும் திறன். சாதாரண வீட்டு விளக்குகளில் அது 100-க்கு 80 அளவில் இருக்கும். ஓவியத்துக்கு 95-க்கு மேல் இருப்பதை வாங்குங்கள். அந்த எண்ணும் முழு உண்மையைச் சொல்லிவிடாது, ஏனெனில் அது எட்டு வெளிர் நிறங்களின் சராசரி. அடர் சிவப்புக்கான ஆர்9 என்ற மதிப்பு அந்தச் சராசரியில் சேர்வதில்லை. ஆர்9 மதிப்பைத் தனியாகக் கேளுங்கள். 50-க்குக் கீழே இருந்தால் தோல் நிறம் வரைவதற்கு அந்த விளக்கு உதவாது. விளக்கின் மீது 865 என்று அச்சிட்டிருந்தால் சி.ஆர்.ஐ. 80-க்கு மேல், நிறவெப்பம் (ஒளியின் சாயலைக் குறிக்கும் எண், கூடக் கூட ஒளி நீலம் கலந்து தெரியும்) 6500 கெல்வின் என்று பொருள்; 950 என்றால் 90-க்கு மேல், 5000 கெல்வின். என் பரிந்துரை 5000 கெல்வின்தான். அச்சுத் தொழிலில் நிறம் சரிபார்க்கும் மேடைகளுக்கும் அதுவே தரநிலை. கடைகளில் 'கூல் டேலைட்' என்று விற்கப்படும் 6500 கெல்வின் ஒளியில் வரைந்த படம், மஞ்சள் விளக்கு எரியும் வரவேற்பறைக்குப் போனதும் வேறு படம்போல் ஆகிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, முழு அறையையும் ஒரே அளவில் ஒளியூட்டத் தேவையில்லை. தாங்கியும் வண்ணத்தட்டும் அடங்கிய நான்கு சதுர மீட்டர் பரப்பில் 1000 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் ஒளியின் அளவு) கிடைத்தால் போதுமானது. கணக்குப்படி அதற்கு 4000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளி) வேண்டும். சுவரிலும் கூரையிலும் இழப்பதையும் சேர்த்து 6000 முதல் 8000 லூமன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது மூன்று அல்லது நான்கு 20 வாட் டியூப்லைட்டுகள். இதற்கு மேல் கூட்டினால் வேறொரு சிக்கல் வரும்: மிகுந்த வெளிச்சத்தில் வரைந்த படம், 100 அல்லது 150 லக்ஸ் மட்டுமே உள்ள வீட்டுக் கூடத்தில் மாட்டியதும் இருண்டு போய்விடும்.

வெயில்நிழல் (மறுமொழி):

ஜன்னலைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வடக்கு ஜன்னல் என்ற அறிவுரை ஐரோப்பாவில் பிறந்தது. அங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கு வானிலேயே நிற்கும். மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. இருந்தாலும் அந்த நண்பகல் வெயில் பெரிய தொல்லை அல்ல. ஜூன் 21 அன்றுகூடச் சூரியன் உச்சியிலிருந்து 13 பாகை அளவே விலகியிருப்பதால், இரண்டடி சன்ஷேடு ஒன்றே ஜன்னல் முழுவதையும் நிழலில் வைத்துவிடும். உண்மையான தொல்லை காலையிலும் மாலையிலும்தான். மார்ச் முதல் செப்டம்பர் வரை சூரியன் கிழக்குக்கு வடக்கே உதித்து மேற்குக்கு வடக்கே மறைவதால், தாழ்வாக வரும் கதிர் பக்கவாட்டில் உள்ளே நுழைகிறது. மேலே நீட்டியிருக்கும் சன்ஷேடு அதைத் தடுக்காது. ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்தான தடுப்புப் பலகை வைக்கலாம், அல்லது கண்ணாடியில் பால்வெள்ளைத் தாள் ஒட்டலாம், அல்லது வெள்ளை மல் துணியை இழுத்துக் கட்டலாம். துணியில் சந்தன நிறமோ நீலமோ சிறிதும் கலந்திருக்கக் கூடாது, ஏனெனில் அதன் சாயல் முழுவதும் ஓவியத்தில் இறங்கிவிடும்.

அதே காரணத்துக்காக, உங்கள் பச்சைச் சுவரை மாற்றச் சொல்வேன். எவ்வளவு நல்ல விளக்கை வாங்கினாலும் அதன் ஒளியில் ஒரு பகுதி சுவரில் பட்டுத்தான் படத்துக்கு வருகிறது, வரும்போது பச்சையைச் சுமந்து வருகிறது. தாங்கிக்குப் பின்னால் நடுத்தரச் சாம்பல், மற்றச் சுவர்களுக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத வெள்ளை என்று அடித்துப் பாருங்கள். விளக்கைவிட இது செலவு குறைந்தது, முதலில் செய்ய வேண்டியதும் இதுதான் என்பது என் கருத்து.

பொன்னேடு (மறுமொழி):

நான் தஞ்சாவூர் ஓவியம் செய்பவள். முன் எழுதியவர்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். விளக்கின் தரத்துக்கு நிகராக அது நிற்கும் இடமும் முக்கியம். மக்கு வேலை செய்து, அதாவது சுண்ணப் பசை பூசி, மேடு எழுப்பும்போது ஒளி ஒரு பக்கத்திலிருந்து தாழ்வாகச் சாய்ந்து விழ வேண்டும். அப்போதுதான் விளிம்பின் நிழல் தெரிந்து மேட்டின் வடிவம் பிடிபடும். தங்கத் தாள் ஒட்டிய பிறகு அதே விளக்கு கண்ணைக் குத்தும். அப்போது அதை அணைத்துவிட்டு, கூரையில் பட்டுப் பரவி வரும் ஒளியில் வேலை செய்வேன். எண்ணெய் வண்ணத்துக்கும் இந்தப் பளபளப்புத் தொல்லை உண்டு. உங்கள் முதுகுக்குப் பின்னாலிருக்கும் விளக்கு தலையின் நிழலையும் விழச்செய்து, ஈர வண்ணத்தில் மினுமினுக்கவும் செய்யும். விளக்கைத் தாங்கிக்கு அருகே, கூரையை ஒட்டி உயரத்தில் பொருத்தி, தாங்கியின் மேல் விளிம்பை உங்களை நோக்கிச் சிறிது சாய்த்தால் எதிரொளி தரையை நோக்கிப் போய்விடும். வலக்கையால் வரைபவர் என்றால் ஒளி இடப்பக்க மேலிருந்து வருவது நல்லது. வண்ணத்தட்டையும் படத்தையும் ஒரே விளக்கின் கீழ் வையுங்கள். தட்டு ஒரு ஒளியிலும் படம் வேறொரு ஒளியிலும் இருந்தால் நீங்கள் கலக்கும் நிறம் எதற்கும் பொருந்தாது.

வைகைத்தூரிகை:

மூவருக்கும் மிக்க நன்றி. இந்த வாரமே சுவருக்குச் சாம்பல் அடிக்க ஏற்பாடு செய்கிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியுள்ளன. மின்விசிறி ஓடும்போது படத்தின் மீது நிழல் வெட்டி வெட்டி ஓடுகிறது. கண் விரைவில் களைத்துப் போகிறது. விசிறியில்லாமல் மதுரையில் அமர முடியாது. மேலும், விளக்கு நல்லதுதானா என்று கடையிலேயே சோதிக்க வழி உண்டா?

மின்னொளி:

விளக்கு விசிறியின் இறக்கைக்கு மேலே இருப்பதால்தான் நிழல் வெட்டுகிறது. உயரத்தில் பொருத்தும்படி சகோதரி சொன்னதை மாற்ற வேண்டாம். தாங்கி அறையின் ஓரத்தில் இருந்து, விளக்கும் அதன் நேர் மேலே அதே ஓரத்தில் இருந்தால், ஒளியின் பாதையில் இறக்கை குறுக்கிடாது. அறை சிறியதாக இருப்பதால் அப்படியும் குறுக்கிட்டால், கூரை விசிறியை நிறுத்திவிட்டு நிற்கும் மேசை விசிறி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

கண் களைப்புக்கு விளக்கின் துடிப்பும் காரணமாகலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழும். கைப்பேசியின் ஸ்லோமோஷன் காணொளியில் அந்த விளக்கைப் பிடித்துப் பாருங்கள்; ஒளி விட்டு விட்டுத் துடித்தால் அதை வாங்க வேண்டாம். நிறத்துக்கு, நீங்கள் பயன்படுத்தும் அடர் சிவப்பையும் தோல் நிறக் கலவையையும் ஒரு சிறு அட்டையில் பூசி எடுத்துச் செல்லுங்கள். கடை வாசலில் நிழலில் நின்று பகல் வெளிச்சத்தில் ஒருமுறையும், உள்ளே விளக்கின் கீழ் ஒருமுறையும் பார்த்தால், பெட்டியில் அச்சிட்ட எண் மெய்யா என்பது தெரிந்துவிடும்.