மூடாக்கில் கரையான், கன்றுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

வணக்கம். கிருஷ்ணகிரியில் 48 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. முன்பு கொளுத்திக்கொண்டிருந்த சருகு, தென்னை மட்டை, மா கவாத்துக் கிளை எல்லாவற்றையும் ஜூலையில் இருந்து அரைத்து, மரக்கன்றுகளைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்காகப் போடுகிறோம். புகை நின்றது. வாரம் இரண்டு முறை ஊற்றிய தண்ணீர் இப்போது ஒரு முறையே போதுகிறது. அதனால் இதை விட மனமில்லை.

ஆனால் மூன்றாவது மாதம் கரையான் வந்துவிட்டது. 62 கன்றுகளில் 9 கன்றுகளின் அடித்தண்டில் மண்பூச்சு ஏறியிருக்கிறது. இரண்டு புங்கன் கன்றுகள் சுற்றிலும் பட்டை அரிக்கப்பட்டுக் காய்ந்தே போயின. பிள்ளைகள் பெயர் வைத்து வளர்த்தவை.

இயந்திரம் 5 எச்பி மின்மோட்டார், துண்டுகள் ஒரு அங்குலம் இருக்கும். செம்மண், கீழே சரளை. மூடாக்கு 4 அங்குல கனம், பாதிக்கு மேல் தென்னை மட்டைதான். அரைத்த அன்றே போட்டுவிடுகிறோம்.

தண்டில் இருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டுப் பார்த்தோம், பழைய கன்றுகளில் பலனில்லை. கன்றுக்குக் கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு வைத்ததில் இரண்டு வாரம் அடங்கியிருந்தது, அப்புறம் மறுபடி வந்தது. தண்டில் அடித்த சுண்ணாம்பு மழையில் கரைந்தது. கடையில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றச் சொன்னார்கள்; பிள்ளைகள் விளையாடும் இடம் என்பதால் ஊற்றவில்லை.

தென்னை மட்டை கலந்த இந்தத் தூளை எத்தனை நாள் குவித்து மட்கவிட்டுப் போட்டால் கரையான் அண்டாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.