முந்திரி ஓட்டு எண்ணெயை எரிக்காமல் வேறு என்ன செய்யலாம்?

பண்ருட்டி_மாணவன்:
எம்.எஸ்சி வேதியியல் படிக்கிறேன், ப்ராஜெக்ட் பசுமை வேதியியலில் (நச்சும் கழிவும் குறைவாகப் பொருள் செய்வது). எங்கள் பக்கம் கொட்டை உடைத்த ஓடு மலையாகக் குவிந்து நிறைய அடுப்புக்கும் பாய்லருக்கும்தான் போகிறது. அந்த எண்ணெய் பட்டால் கை கொப்பளித்துத் தோல் உரியும், உடைக்கிற பெண்கள் சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள். இதிலிருந்து உருப்படியாக ஏதாவது எடுக்க முடியுமா?

பிசின்_பட்டறை:
முடியும் தம்பி, எரிப்பது பெரிய அநியாயம். கையைப் புண்ணாக்குவது அனகார்டிக் அமிலமும் கார்டோலும். மற்ற தாவரக் கழிவில் பினால் (பிசின் செய்ய உதவும் வளைய மூலக்கூறு) வேண்டுமென்றால் மரத்துக்குக் கெட்டித்தன்மை தரும் லிக்னினை உடைக்க வேண்டும், அது லேசில் உடையாது, உடைந்தாலும் பத்துப் பொருள் கலந்து வரும். இங்கே மரமே பினால் வளையத்தையும் அதில் 15 கார்பன் சங்கிலியையும் கட்டி வைத்திருக்கிறது. சூடாக்கினால் அனகார்டிக் அமிலம் கார்பன் டைஆக்சைடை விட்டுக் கார்டனால் ஆகிவிடும். அது பிரேக் லைனிங்கில் போகிறது, கப்பல் பெயின்டில் எபாக்சி என்ற பிசினை இறுக வைக்கவும் போகிறது, ஈரத்திலும் குளிரிலும் நன்றாக இறுகும்.

நீர்_கரைப்பான்:
எல்லாம் சரி, ஆனால் கார்டனாலைப் பிசினாக்க வழக்கமாக நச்சான ஃபார்மால்டிஹைடைத்தான் சேர்க்கிறார்கள். மூலப்பொருள் மரத்திலிருந்து வந்தது என்பதற்காக மொத்தத்தையும் பசுமை என்று எழுதிவிடாதீர்கள், வைவா கேட்பவர் முதலில் அங்கேதான் பிடிப்பார். அந்தச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன அல்லவா, லைபேஸ் நொதியோடு ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொண்டு அவற்றில் ஆக்சிஜனைச் சேர்த்து எபாக்சைடாக்கலாம், பெராக்சைடிலிருந்து மிஞ்சுவது தண்ணீர்தான். என்னைக் கேட்டால் ப்ராஜெக்ட் அதுதான்.

பண்ருட்டி_மாணவன்:
நன்றி சார். எங்கள் லேபில் நொதி வாங்கப் பணம் கிடைக்காது. பிரித்தெடுப்பது வரையாவது செய்யலாமா?

பிசின்_பட்டறை:
தாராளமாக. சூடாக்காமல் எடுத்த எண்ணெயை மெத்தனாலில் கரைத்துக் கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, போட்டுக் கலக்குங்கள். அனகார்டிக் அமிலம் கால்சியம் உப்பாக அடியில் படியும், வடிகட்டி ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அமிலம் திரும்ப வந்துவிடும். அப்புறம் அதைச் சூடாக்கும்போது வாயு வெளியேறிப் பொங்கும், குடுவையில் பாதிக்குக் கீழேயே வையுங்கள். கையுறை இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.