இடிசல் மண், கடற்காத்து, வெயிலில்லாத மதில்: என்ன கொடி வைக்கலாம்?

ஒழுங்கைக்காரி:
வெள்ளவத்தையில, காலி வீதியிலயிருந்து கடலுக்கு இறங்கிற ஒழுங்கையொண்டில இருக்கிறம். பக்கத்து வளவில ஆறு மாடி எழும்பினதோட எங்கட மதிலடிக்கு வெயில் இல்லாமல் போச்சு. மத்தியானம் அரை மணித்தியாலம் எட்டிப் பாக்கும், அவ்வளவுதான். வைகாசி பிறந்தால் அந்த நாலடி இடைவெளிக்குள்ளால காத்து ஊதிற ஊதலுக்கு, காயப்போட்ட உடுப்பு கிளிப்பையும் கொண்டு பறக்கும். மண்ணைக் கிண்டினால் சீமெந்துக் கட்டி, ஓட்டுத்துண்டு, கடல்மணல். ரெண்டு தரம் மல்லிகை வைச்சனான். ஒண்டு இலையும் கொடியுமாய் நீண்டுது, ஒரு மொட்டும் இல்லை. மற்றது ஆடிக் காத்தில கருகிப்போச்சு. மதில் 25 அடி. சொல்லுங்கோ.

பச்சைக்கட்டை:
மல்லிகை, கடதாசிப்பூ ரெண்டையும் மறந்திடுங்கோ அக்கா. வெயில் இல்லாமல் அதுகள் பூக்காது. மணி பிளான்ட் வையுங்கோ. கணுவில வேர்விட்டு மதிலோட ஒட்டும், எந்த மண்ணெண்டாலும் கிடந்து பிழைக்கும். வீட்டில பூனை, நாய் இருந்தால் மட்டும் கவனம். கடிச்சால் வாய் எரிஞ்சு வீங்கும்.

மிளகுச்சாமி:
25 அடி மதிலுக்கு மணி பிளான்ட்டா? பேங்க் வாசல் மாதிரி இருக்குமே. மிளகு வைங்க அக்கா. நிழல்லயே பொறந்து வளர்ற கொடி. அதுவும் கணுவுக்குக் கணு வேர்விட்டுப் பிடிச்சுக்கும், காத்து பிடுங்காது. மாத்தளையில எங்க வீட்டுப் பலா மரத்துல ஏறி நிக்கிறதப் பாத்தா இப்படிக் கேக்கவே மாட்டீங்க.

பச்சைக்கட்டை:
மாத்தளைப் பலா மரத்தடியில எத்தனை வருசத்துச் சருகு உக்கிக் கிடக்குது தம்பி? இஞ்ச அக்கா ஓட்டுத்துண்டு எண்டு சொல்லுறா. மிளகின்ர அடியில மழைத்தண்ணி நிண்டால் வேர் அழுகிக் கொடி சரியும். உப்புக்காத்து வேற.

தும்புத்தூள்:
ரெண்டு பேரும் கொடியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீங்கள். வெயிலை எங்களால கொண்டுவர ஏலாது, மண்ணை மாத்தலாம். ஒண்டரை அடி ஆழத்துக்கு இடிசலை அள்ளி எறிஞ்சுபோட்டு, தேங்காய்த் தும்புத்தூள், உக்கின சாணி, கொம்போஸ்ட் போட்டு நிரப்புங்கோ. முதல்ல ஒரு பிடி காய்ஞ்ச மண்ணில வினாகிரி ஊத்திப் பாருங்கோ. நுரைச்சால் சுண்ணாம்பு கூட.

பச்சைக்கட்டை:
வெள்ளவத்தை மண் எப்பிடியும் நுரைக்கும், சிப்பித்தூள் கலந்த கடல்மணல்தானே.

தும்புத்தூள்:
சீமெந்தோ சிப்பியோ, மண்ணில இருக்கிற இரும்பைச் செடி எடுக்க ஏலாமல் இளம் இலை மஞ்சளாகிறது ஒண்டுதான்.

மதில்மேல்பூனை:
கட்டட வேலைக்காரனாய் ஒரு சொல்லு. சுத்திவர இறுகின இடிசல் இருக்க, நடுவில குழி தோண்டி நல்ல மண் போட்டால் ஐப்பசி மழைக்கு அந்தக் குழி கிணறாகும். பக்கத்துத் தண்ணியெல்லாம் அதுக்குள்ள வடியும், போக வழியில்லை. கீழ கிண்டிற அளவுக்கு மேல உயர்த்துங்கோ. ரெண்டு வரி கல் அடுக்கி, அடியில வாய்க்கால் விட்டு மேட்டுப்பாத்தி. மதிலை முட்டாமல் ஆறு அங்குலம் தள்ளி. ஈர மண் மதிலோட கிடந்தால் பூச்சு கழரும்.

இன்னுமொண்டு: ஒட்டுற கொடி எதை வைச்சாலும் மதில் ஆருடையது எண்டு முதல்ல பாருங்கோ. ஃபைகஸ் புமிலா எண்டு ஒரு சின்ன இலைக்காரன், நிழலுக்கும் காத்துக்கும் அவனை அடிக்க ஆளில்லை. மதிலோட மதிலாய்ப் படுத்திருப்பான். ஆனால் மேல விளிம்பைத் தொட்ட உடனே குணம் மாறும். மரக்கொப்பு மாதிரி வெளிய நீட்டி, பெரிய இலையும் அத்திக்காயும் விடுவான். பிடுங்கினால் பெயின்ற் கூடவே வரும்.

மிளகுச்சாமி:
அப்ப கம்பி அடிச்சு சீந்தில் விடலாமே? சிங்களத்துல ரசகிந்தன்னு சொல்றது. வெட்டி மரத்துல தொங்கவிட்டாக்கூடத் துளிர்க்கிற ஜாதி.

மதில்மேல்பூனை:
கம்பியில சுத்துற கொடி காத்துக்கு ஆடும். அந்த இடுக்கில நாள் முழுக்க ஆடினால் தண்டு கம்பியில உரசிக் காயப்படும். முதல்ல கடற்பக்க வாயில சிலாகை இடைவெளி விட்டு ஒரு தட்டி அடியுங்கோ. தகரத்தால முழுசாய் மறைச்சால் காத்து மேலால ஏறிப் பின்பக்கம் சுழண்டு அடிக்கும். பாதி மறைச்சு, பாதி விட்டால்தான் அதின்ர வேகம் சாகும்.

ஒழுங்கைக்காரி:
வினாகிரி ஊத்தினன், சோடா மாதிரி நுரைச்சுது. மதில் எங்கடதான், ஆனால் பழைய சுண்ணாம்புப் பூச்சு, ஃபைகஸ் வேண்டாம். பூச்சாடியில வைச்சு மேல ஏத்தினால் என்ன?

தும்புத்தூள்:
காத்துக்குச் சாடி ஒரு நாளில காயும். சாடிக்குக் கீழ தட்டு வைச்சீங்களெண்டால் பீஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்து நிப்பார். தேங்கின தண்ணியில போட்ட நுளம்பு முட்டை ஒரு கிழமை, பத்து நாளில பறக்கும். நான் சொன்ன மண்தான் முடிவு.

மதில்மேல்பூனை:
நான் சொன்ன மேட்டில, நீங்கள் சொன்ன மண்.

தும்புத்தூள்:
சரி, மேட்டில. ஆனால் தும்புத்தூளை ரெண்டு மூண்டு தரம் கழுவாமல் போடாதேங்கோ, அதிலயும் உப்பு இருக்கும்.

ஒழுங்கைக்காரி:
ஞாயிறு மேசன் வாறார். பாத்தி, தட்டி ரெண்டும் செய்யிறம். மதிலுக்கு மணி பிளான்ட்தான், பழைய பூச்சு அதைத் தாங்குமெண்டு நம்புறன். ஒரு சிக்கல். பைப்படி மூலையில நாலடி அம்மா கேக்கிறா, வெத்திலைக்கு. ஊரில கிணத்தடியில வைச்சிருந்தவ. காத்து அந்த மூலைக்கு வராது.

பச்சைக்கட்டை:
பைப்படி, நிழல், காத்தில்லை, புதுப் பாத்தி எண்டால் வெத்திலை வரும். தாராளமாய் வைக்கச் சொல்லுங்கோ.

மிளகுச்சாமி:
ஒரு நிமிசம். வெத்தலையும் மிளகும் ஒரே குடும்பம், ஒரே பேரினம். ரெண்டுக்கும் நிழல் வேணும், ஈரம் வேணும், தண்ணி தேங்கக் கூடாது. வெத்தலைக்குச் சரின்னு சொன்ன அதே மூலையில என் மிளகுக்கு மட்டும் வேர் அழுகுமா அண்ணே?

பச்சைக்கட்டை:
அந்த அம்மாவோட வாதாட எனக்கு ஏலாது தம்பி.

ஒழுங்கைக்காரி:
தம்பி, மாத்தளைக்குப் போனால் மிளகடியில நிலத்தோட ஓடுற கொடியில மூண்டு துண்டு வெட்டிக்கொண்டு வாங்கோ. நாலடியில ஒரு அடி அம்மாட்டக் கேட்டு வைக்கிறன்.