கிளை நூலகத்துக்கு 400 புத்தகம் கொடுக்கலாமா? வேறென்ன செய்யலாம்?

வேளச்சேரிவாசி:
எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் சுமார் 400 புத்தகங்கள் சேர்ந்திருக்கின்றன. கையில் 25,000 ரூபாயும் உண்டு. பக்கத்துக் கிளை நூலகத்துக்கு உருப்படியாக ஏதாவது செய்ய எண்ணம். காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள், அதற்கு மேல் டிஎன்பிஎஸ்சி பிள்ளைகள். பெண்களும் குழந்தைகளும் எட்டிப் பார்ப்பதே இல்லை. புத்தகங்களை அப்படியே கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா? பணத்தை எதில் போடுவது?

அலமாரி:
மூட்டையாகக் கொண்டுபோய் இறக்காதீர்கள். நூலகர் தயங்கினால் அது திமிர் இல்லை. உள்ளே போகும் ஒவ்வொரு நூலும் பதிவேட்டில் ஏறி எண் பெற வேண்டும். ஏறிவிட்டால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். கிழிந்ததைக் கழிப்பதுகூட லேசில் நடக்காது.

அதனால் முதல் சலிப்பு உங்களுடையது. பழைய கைடுகள், காலாவதியான கம்ப்யூட்டர் புத்தகங்கள், நடுவில் பாகம் குறைந்த தொகுதிகள், பூஞ்சை வாடை அடிப்பவை எல்லாம் வெளியே. பூச்சி பிடித்தது ஒன்று போனாலும் மொத்தத் தட்டும் கெடும். மிஞ்சுவதைத் தலைப்பு, ஆசிரியர், பதிப்பாண்டு எழுதி நூலகரிடம் காட்டி, அவர் டிக் அடித்ததை மட்டும் கொடுங்கள். 100 தேறினாலே நல்ல அறுவடை. 1950-க்கு முந்தைய பதிப்பு ஏதாவது கிடந்தால் கிளைக்கு வேண்டாம். பழைய தமிழ் நூல்களைச் சேர்த்துக் காக்கும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் கேளுங்கள்.

1,000 ரூபாய் நன்கொடை கட்டி நூலகப் புரவலராகவும் சேரலாம். ரசீது வாங்கிவிடுங்கள்.

குறுக்குக்கேள்வி:
சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோமே, மறுபடியும் நாமே செலவு செய்வானேன்?

அலமாரி:
நியாயமான கேள்வி. 1948-ஆம் வருடப் பொது நூலகச் சட்டப்படி வருவது அந்த வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. மாநகராட்சி வசூலித்து, பொது நூலகங்களை நடத்தும் நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தில் என்ன வாங்குவது என்பது கிளையின் கையில் இல்லை. ஃபேன், குடிநீர், கூடுதல் நாற்காலி வேண்டுமென்றால் வாசகர் வட்டம் அமைத்து, தீர்மானம் போட்டு, மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் அனுப்புங்கள். வாய்மொழிக் கோரிக்கைக்குக் கோப்பு கிடையாது, கோப்பு இல்லாததற்குப் பணமும் வராது.

கதைப்பாய்:
பெண்கள் வராததற்குக் காரணம் நல்ல நாவல் இல்லாதது அல்ல. கழிப்பறை, மாலை வெளிச்சம், ஆண்களே நிறைந்த மேசைகள். இந்த மூன்றையும் முதலில் பாருங்கள்.

குழந்தைகளுக்கு ஒரு மூலை போதும். அலமாரி மூன்றடிக்கு மேல் உயரக்கூடாது. அட்டை முன்பக்கம் தெரியும்படி வையுங்கள், முதுகு மட்டும் தெரிந்தால் ஐந்து வயதுப் பிள்ளை கை நீட்டாது. தூலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் படப் புத்தகங்களில் 60, இரண்டு பாய், அவ்வளவுதான். பூட்டு மட்டும் போடாதீர்கள். கிழியத்தான் செய்யும், ஒட்டுவதற்கு டேப் வாங்கி வையுங்கள்.

வாரம் ஒரு நாள், 40 நிமிடம், 15 பிள்ளைகள், வாசிக்க ஒருவர், பார்த்துக்கொள்ள ஒருவர். நாள் குறிக்கும்முன் விடுமுறையைப் பாருங்கள், கிளைகளுக்குப் பெரும்பாலும் வெள்ளி. முதல் வாரமே சிறப்பு விருந்தினர், பொன்னாடை என்று இறங்கினால் மூன்றாம் வாரம் யாரும் இருக்க மாட்டார்கள். பிள்ளை கதை கேட்கும் நேரத்தில் அம்மாவுக்கு உறுப்பினர் அட்டை போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

குரூப்நான்கு:
தேர்வுப் பிள்ளைகளுக்காகக் கைடு வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள், அடுத்த வருடம் பழசாகிவிடும். 6 முதல் 12 வரை பள்ளிப் பாடநூல்கள் இரண்டு செட், வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லாமல். டிபிஐ என்று சொல்லப்படும் கல்வித்துறை வளாகத்தில் (இப்போது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம்) பாடநூல் கழகத்தின் விற்பனை உண்டு. நாள் முழுக்க உட்கார வேண்டியவர்களைக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அனுப்புங்கள். சொந்தப் புத்தகத்தோடு படிக்கத் தனிப் பிரிவே இருக்கிறது. கிளையில் இடமும் விடுபடும்.

அலமாரி:
மழைக்குத் தண்ணீர் புகும் வேளச்சேரி என்பதால் இன்னொன்று. கீழ்த்தட்டு தரையிலிருந்து ஓரடியாவது மேலே, சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி. நனைந்துபோனால் வெயிலில் காயவைக்காதீர்கள், அட்டை வளைந்துவிடும். மின்விசிறிக் காற்றில் விரித்து நிறுத்தி, இடையிடையே வெள்ளைத்தாள் செருகி மாற்றிக்கொண்டே இருங்கள். இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை. வழவழப்பான தாளில் அச்சான படப் புத்தகங்கள் ஒட்டிக்கொள்ளும். அவற்றைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.